மூடிச் சத்தம்

சளி துப்பும் டப்பாவைக் கழுவ எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அடியில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. பாதி கரைந்திருந்தது.

காலையில் அவள் கொடுத்த இதய மாத்திரை.

விழுங்கியாச்சு என்று தலையை வேறு ஆட்டினாரே, படுபாவி மனுஷன்.

கோபம்கூட முழுசாக வரவில்லை அவளுக்கு. அலுப்புதான் வந்தது.

பஞ்சாலைத் தூசு தின்ற நுரையீரல் அவருக்கு. வருஷக்கணக்காக இளைப்பு. போன தையில் மாரடைப்பும் சேர்ந்துகொண்டது.

மாத்திரை போட்டால் இளைப்பு கூடுகிறது என்றார். அதை நம்பி, பஸ் மாறிப் போய் டாக்டரிடம் மல்லுக்கு நின்றவள் இவள்தான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவருக்குக் கொடுத்திருப்பது மூச்சைத் தொந்தரவு செய்யாத வகை. போன முறை அவர் வந்தபோது குழாயில் ஊதச் சொல்லியும் பார்த்தாயிற்று. மூச்சு முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. நிறுத்தினால்தான் ஆபத்து.

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தாள்.

"நிறுத்துனா நெஞ்சு பொசுக்குனு நின்னுருமாமுங்க."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. மாத்திரையால் இளைப்பு வராது என்ற நிம்மதி என்று எடுத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

டப்பாவை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணன் போன மாதிரி நானும் போகோணுமா, மயிலா?"

அண்ணனுக்கும் அதே ஆலை, அதே நுரையீரல். நெஞ்சு மட்டும் கல்லு மாதிரித் திடம். கடைசி மழைக்காலம் முழுக்கத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, காற்றுக்கு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தார். சாவு வந்தபாடில்லை. கல்யாணமே செய்துகொள்ளாத மனிதர். முதுகு தேய்த்ததும் துப்பியதை அள்ளியதும் தம்பி மனைவியான இவள்தான்.

அப்போதெல்லாம் இவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணனைப் பார்க்கிறார் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

டப்பாவை எடுத்துப் போய்க் கழுவித் துடைத்து மூடினாள். அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். இன்னொரு மாத்திரையை உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு.

"உங்களுக்கும் எனக்குச் செய்யத் தெரியுமுங்க," என்றாள்.

எப்போதும் அவர் மாத்திரை போடும்வரை எதிரிலேயே நிற்பவள், திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

காது மட்டும் அவரிடமே இருந்தது. அந்த டப்பாவின் மூடி திறந்தால் கிரீச்சென்று கேட்கும்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மடக் மடக்கென்று தண்ணீர் இறங்கியது. ஒரு இருமல். சொம்பு தரையைத் தொட்டது.

மூடிச் சத்தம் வரவேயில்லை.

அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். வரப்போகிற மழைக்காலங்களை நினைத்தபோது முதுகு இப்போதே வலித்தது.

வலித்தால் வலிக்கட்டும் என்றிருந்தது.