மச்சினன் கை வைத்த இடம்

"அது என்ன உன் தம்பிக்குக் கையா, உலக்கையா? கரையில போட்டு அந்த அழுத்து அழுத்தியிருக்கான்" என்றார் கட்டிலில் இருந்தவர் மனைவியிடம், சட்டையைக் கழற்றியபடி.

பிசியோதெரபிஸ்டுக்குச் சிரிப்பு வரவில்லை. சற்று முன் வராந்தாவில் அவருடைய மனைவி அவளை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். படகு கவிழ்ந்து மூச்சில்லாமல் கிடந்தவரை இழுத்து வந்து, நெஞ்சை அழுத்தி உயிர் கொடுத்தது அவள் தம்பிதான். மற்றவர்களைக் காப்பாற்ற மறுபடியும் ஏரிக்குள் போனவன் திரும்பவில்லை. இவருக்கு அது தெரியாது. விரிசல் விட்ட விலா எலும்போடு தேம்பி அழுதால் தாங்காது, கொஞ்சம் தேறட்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். வாய் தவறி எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருந்தாள்.

பிசியோ எலாஸ்டிக் டேப்பை அளந்து வெட்டி, முனைகளை வளைவாக நறுக்கினாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, விலாவை ஒட்டிப் பதித்து நீவிவிட்டாள்.

வலி பாதியாகிவிட்டது என்றார். வாய் மட்டும் குறையவே இல்லை. எலும்பை உடைத்தவன் மேல் கேஸ் போடலாமா என்று அவளிடமே கேட்டார். மாமா செத்தாரா பிழைத்தாரா என்று ஒரு நடை வந்து பார்க்கக்கூடாதா என்று பொரிந்து தள்ளினார். பிசியோ கத்தரிக்கோலைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"நீங்க திட்டுவீங்கன்னு பயந்துக்கிட்டுதாங்க வரலை. நாளைக்கு இழுத்துட்டு வரேன்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

வெந்நீர் பிடித்து வருவதாகச் சொல்லி, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மனைவி வெளியே போனாள்.

கதவு சாத்தியதும் அவர் பேச்சு நின்றது. டேப் ஒட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். பிறகு மெல்லப் பிசியோவின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு மூச்சு வந்தப்ப, அவன் மறுபடியும் தண்ணிக்குள்ள போறதைப் பாத்தேன் டாக்டரம்மா. நான் அவனைப் பத்திக் கேக்காம இருந்தா, எனக்குத் தெரியும்னு அவ கண்டுபிடிச்சுடுவா. எங்கிட்ட மறைக்கணுமேன்னுதான் இப்போ அவ உடைஞ்சு போகாம நிக்கிறா." அவருக்கு மூச்சு திணறியது. "உடம்பாவது கிடைச்சுதா?"