கிழக்குத் தட்டி

“இந்தத் தட்டியை அவுக்கப் போறீகளா, இல்லையா?”

பழனியம்மாள் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. எதிரே உட்கார்ந்திருந்த புருஷன் மொக்கைச்சாமிக்கு மட்டும் கேட்கவில்லை. பேச்சென்றால் அவனுக்கு அவ்வளவு கஞ்சத்தனம்.

பேகம்பூரில் அவன் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பை மூடிவிட்டார்கள். ரேஷனில் போடும் மைலோச் சோளத்தைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு, கொல்லைத் தக்காளியைத்தான் இருவரும் நம்பியிருந்தார்கள். காய்த்தால் சந்தைக்குக் கொண்டுபோகலாம். காய்க்காவிட்டால் என்ன செய்வதென்று யோசிக்கவே பயமாக இருந்தது.

ஐப்பசி மழையில் கொல்லைக்குக் கிழக்கே இருந்த பக்கத்து வீட்டு மண்சுவர் விழுந்தபோது, “நம்ம கொல்லைக்கு இனியாச்சும் காலை வெயில் வரும்” என்று பழனியம்மாள்தான் அங்கே நாற்றை ஊன்றினாள். வெயிலும் வந்தது. நாற்றும் தேறியது.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு பீர் முகமது காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். மொக்கைச்சாமியோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவன். அடக்கம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மொக்கைச்சாமி தென்னங்கீற்றில் ஆளுயரத் தட்டி முடைந்து, சுவர் விழுந்த இடத்தை அடைத்துவிட்டான்.

அன்றிலிருந்து செடிகள் வெயிலைத் தேடி நெடுநெடுவென்று நீண்டன. தண்டு நூலாக மெலிந்து, இலை வெளிறி, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்தன. பழனியம்மாள் குச்சி நட்டுக் கட்டினாள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைப் பாதி வரைக்கும் புதைத்து மண் அணைத்தாள். கொழுந்தையும் ஒடித்துப் பார்த்தாள். ஒரு பூ நிற்க வேண்டுமே? கிடையாது.

“இதுக்கு எரு போட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல. வெயிலு வேணும்” என்று அழுதாள். “நம்ம வயித்துல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கிறமே!”

“கொஞ்ச நாள் பொறு” என்றான்.

“கொஞ்ச நாள்ல செடியும் இருக்காது, நாமளும் இருக்க மாட்டோம்!”

இது போதாதென்று குழாயடியில் அதே தெரு ஆனந்தமேரி வேறு கேட்டு வைத்தாள். “ஏன் பழனி, புருஷனைப் பறிகொடுத்தவ மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னுதான் ஒன் வீட்டுக்காரரு தட்டி கட்டியிருக்காராமே?”

பழனியம்மாளுக்கு உடம்பே கூசிப்போயிற்று. தாடிக்கொம்பிலிருந்து இங்கே குடிவந்த அன்று, அடுப்புப் பற்றவைக்க நெருப்பு கொடுத்தவள் பீர் முகமதுவின் மனைவி சைதூன். அவளைப் போயா இந்த மனுஷன் ஒதுக்குகிறான்?

வீட்டுக்கு வந்தவள் குடத்தை இறக்கினாள், அரிவாளை எடுத்தாள். கயிறுகளை அறுத்துத் தட்டியைக் கீழே தள்ளினாள்.

வெயில் கொல்லை முழுக்க வந்து விழுந்தது. அந்தப் பக்கம் கிணற்றடியிலிருந்து சைதூன் முக்காட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

சத்தம் கேட்டு வந்த மொக்கைச்சாமி, பாதி வழியிலேயே சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

“ஏ கழுத, என்ன காரியம் பண்ணிட்டே! தூக்கிக் கட்டு மொதல்ல!”

“மூஞ்சியத் திருப்புறதப் பாரு! நீங்கள்லாம் மனுஷனா? கூட வேலை பாத்தவன் பொண்டாட்டி ஒங்களுக்கு அபசகுனமா? அந்தப் பாவத்தாலதான் இந்தச் செடியில ஒரு பிஞ்சு புடிக்க மாட்டேங்குது!”

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து சைதூனின் குரல் வந்தது.

“அக்கா, அண்ணனை வையாதீக. எங்க வீட்டு அவுக மவுத்தானதுக்கு நான் இத்தா இருக்கேன்ல? நாலு மாசம் பத்து நாளு, அது முடியுற வரைக்கும் வெளி ஆம்பளைக கண்ணுல படக் கூடாது. சுவரு இல்லாததால அந்த இருட்டு அறையை விட்டு வெளிய வராமலே கெடந்தேன். அண்ணன் தட்டி கட்டுன பெறகுதான் செத்த நேரமாச்சும் வெயில்ல வந்து உக்காருறேன்.”

பழனியம்மாள் செடிகளைப் பார்த்தாள். இனி அவை பிழைக்காது என்று தெரிந்தது. வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே தட்டியை நிமிர்த்திப் பிடித்தாள்.

“இந்தாங்க, அந்தத் துணிக்கொடிக் கயித்த அவுத்து, திரும்பாமலே இப்பிடி நீட்டுங்க” என்றாள்.