விடை இல்லாத மேஜை

உள்ளங்கைக்குள் அடங்கும். கண் இல்லை, வெயிலைப் பார்க்கும். வாய் இல்லை, வெயில் ஏறினால் கத்தும். அது என்ன?

சொல்லுங்கள் பார்க்கலாம்.

இந்த விடுகதையை ஒரு சார்ட் அட்டையில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தாள் ஓவியா. அட்டைக்குக் கீழே இருந்த மேஜையில் விடை இருக்க வேண்டும். மேஜை காலியாக இருந்தது.

"பெட்டி எங்க?" என்றார் அறிவியல் ஆசிரியை ஞானசுந்தரி.

"பத்திரமா இருக்கு டீச்சர்."

"எங்க பத்திரமா?"

எட்டாம் வகுப்பு ஓவியா தரையைப் பார்த்தாள்.

பக்கத்து மேஜை முத்துப்பாண்டிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வித்திருப்பா டீச்சர். சாத்தூர்ல செல் ரிப்பேர் கடையில வாங்கிக்கிடுவாக."

"நீ உன் வண்டியப் பாருலே. அது பாதியில நின்னு போச்சு" என்றாள் ஓவியா.

காணாமல் போனது, சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ஒரு ஜோடிச் செருப்பு விலைதான். பட்டாசுக் கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணன் பள்ளிக்கு இருபது வாங்கிக் கொடுத்திருந்தார். அதை வைத்து ஆளுக்கு ஒன்று செய்துவரச் சொல்லியிருந்தார்கள். முத்துப்பாண்டி தானாக ஓடும் வண்டி செய்தான். ஓவியா வெயிலை அளக்கும் பெட்டி செய்தாள். போன வாரம் அது போட்ட சத்தத்தில் ஹெட்மாஸ்டரே வகுப்புக்கு ஓடி வந்தார்.

இன்று கண்காட்சி. பரிசு கொடுக்க முதலாளியே வந்திருந்தார். இரண்டு மேஜை தள்ளி நின்றார்.

"அவரு கேட்டா நான் என்ன சொல்ல? ஓசியில வந்ததுதானேன்னு தொலைச்சிட்டியா?"

"தொலைக்கல டீச்சர்."

"அப்ப போயி எடுத்துட்டு வா."

"இப்ப முடியாது டீச்சர்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. அதற்குள் முதலாளி வந்துவிட்டார். சார்ட்டைப் படித்துச் சிரித்தார்.

"நல்லா இருக்கே! விடை எங்கம்மா?"

ஓவியா சார்ட் அட்டையின் மூலையை அழுத்தி ஒட்டினாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது.

"சொல்லுய்யா... என்னது, எல்லாரும் வெளிய வந்துட்டாகளா? லோடு நிக்குது, யாரு வேலைய நிறுத்தச் சொன்னா? ஆபீஸ் தெர்மாமீட்டர் எம்புட்டு காட்டுது?... இருபத்தாறுதானே! பெறகென்ன?... எது கத்துது?"

மறுமுனையில் கம்பெனி போர்மேன். அவருக்குப் பெரிய குரல். அவர் சொன்னது சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது.

"வேலிக்கு வெளிய, காளியம்மன் கோயில் வேப்பமரத்துல கட்டியிருக்கு முதலாளி. மஞ்சத் துணி சுத்தியிருக்கு. அது கத்துனா பொம்பளைக கையில இருக்கத வச்சிட்டு எந்திரிச்சு வந்துர்றாக. நேத்தும் இப்படித்தான். உங்ககிட்ட சொல்லல."

"அவுத்து எறிய வேண்டியதுதானே?"

"நேந்து கட்டுனது முதலாளி. கட்டுனவகதான் அவுக்கணும். ஒருத்தரும் கை வைக்க மாட்டேங்காக. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

நவநீதகிருஷ்ணன் போனை வைத்தார். சார்ட்டை மறுபடியும் படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"உங்க அம்மா எங்கம்மா வேலை பாக்குறாக?"

"உங்க கம்பெனியிலதான் சார். மாரிசெல்வி. அஞ்சாம் நம்பர் ரூம்ல வெடிக்கு மருந்து அடைக்கிறாக. வெக்கை கூடினா மருந்து தானா பத்திக்கிடும்."

"கரண்டு சாமான் எதுவும் அங்கன வரக் கூடாது. போனையே கேட்ல வாங்கி வச்சிக்கிடுறோம், தெரியுமா?"

"தெரியும் சார். அதான் வேலிக்கு வெளிய கட்டினேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் சார். இதக் குடுத்த அன்னைக்கு, உங்க வீட்டுக்கு உதவுற மாதிரி ஒண்ணு செய்யுங்கன்னு சொன்னீக."

முதலாளி சார்ட்டை விட்டு அவள் பக்கம் திரும்பி, "ஆபீஸ்லதான் தெர்மாமீட்டர் இருக்கே?" என்றார்.

"அது ஏசி ரூம்ல இருக்கு சார்."

முத்துப்பாண்டி சிரித்துவிட்டான். ஞானசுந்தரி டீச்சர் அவனை அடக்கவில்லை.

முதலாளி குரலைத் தணித்தார். "கெட்டிக்காரப் பிள்ளைதான். இப்ப என்ன செய்ற, என் கார்ல போயி அத அவுத்துட்டு வந்து இந்த மேஜையில வைக்கிற. முதல் பரிசு உனக்குத்தான். சென்னைப் போட்டிக்கும் நானே அனுப்பி வைக்கிறேன். அம்மா வேலைக்கும் ஒரு குறையும் வராது. என்ன?"

ஓவியா டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"மணி என்ன டீச்சர்?"

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வெளியே கொளுத்திய வெயிலையும் பார்த்தார்.

"பன்னெண்டரை."

"வெயில் இறங்க நாலு மணி ஆகும் சார்" என்றாள் ஓவியா.

டிரைவர் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று முதல் பரிசு, பாதியில் நின்றுபோகும் அந்த வண்டிக்குக் கிடைத்தது.

ஓவியா காரில் ஏறவில்லை.