சொன்னபடி கேட்டவள்

"இந்தப் படத்துல இருக்கிறவங்களை நான் நேர்ல பாக்கணும், டாக்டர்."

மேசைக்கடியில் அக்கா தங்கையின் காலை நறுக்கென்று மிதித்தாள். பஸ்ஸில் வரும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். டாக்டரிடம் எதுவும் கேட்கக் கூடாது. அதுவும் அந்தப் படத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. முன்பு யாரோ கேட்டதற்கு, நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இங்கே வைத்தியம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

படம் டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. மூடிய ஒற்றை இமை, மேலே ஒரு புருவம், அவ்வளவுதான். இமை மடிப்பில் கோடும் இல்லை, சிவப்பும் இல்லை. அடியில் 'அறுவைக்குப் பின் ஆறாம் மாதம்' என்று எழுதியிருந்தது. இதே படம் வெளியே கூடத்திலும் மாட்டியிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தங்கைக்குச் சந்தேகம் வந்தது.

அக்காவுக்கும் இது ஆறாம் மாதம்தான். கடிகாரக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். தூங்கி வழிகிற முகம் என்று மேலாளர் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போக, இமையில் தொங்கிய தோலை இங்கே வந்து எடுத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. குனிந்து கடிகாரத்தை எடுக்கும்போது இமை தாழும். ஓரத்தில் தடித்துச் சிவந்த தழும்பு தெரியும். வந்தவர்கள் கடிகாரத்தை விட்டுவிட்டு அதைப் பார்ப்பார்கள். இப்போது அக்காவுக்குக் கிடங்கில்தான் வேலை.

தழும்பை வெட்டி எடுத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி தைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவும் தலையாட்டிவிட்டாள். தங்கை மட்டும் வேறொரு கண் மருத்துவமனைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள். அவசரப்படாதீர்கள், தழும்பு இளக இன்னும் மாதக்கணக்கில் ஆகும், இருக்கிற கொஞ்சத் தோலையும் எடுத்தால் கண் முழுசாக மூடாமலே போகலாம் என்றார்கள் அங்கே. அதைச் சொன்னபோது அக்கா கேட்டது ஒன்றுதான்: "அப்போ அந்தப் படத்துல இருக்கிறவளுக்கு மட்டும் எப்படிடி ஆறிச்சு?"

டாக்டர் பொறுமையாகச் சிரித்தார். அந்தப் பெண் வெளிநாட்டில் இருக்கிறாளாம். ஃபோனில் பேசுகிறேன் என்றாள் இவள். நோயாளியின் விவரங்களைத் தர முடியாதாம்.

"விவரம் எனக்கு எதுக்கு? அப்படி ஒருத்தங்க இருக்காங்களான்னு தெரிஞ்சா போதும்."

இன்னொரு மிதி.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எங்க வீட்டுல முதல் டிகிரி."

"அப்போ இது உங்க சப்ஜெக்ட் இல்லை."

"கேள்வி கேக்கறதுக்குன்னு தனி சப்ஜெக்ட் இருக்கா, டாக்டர்?"

அவர் அதற்குப் பிறகு அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். படத்தில் இருப்பவள் ஒரு டீச்சராம். களிம்பை வேளை தவறாமல் தடவினாளாம். வெயிலில் தலைகாட்டவில்லையாம். கண்ணைக் கசக்கவே இல்லையாம்.

"சொன்னபடி கேக்கிற பொண்ணு. எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. நீங்களும் அப்படி இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதும்மா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "தூக்கத்துல கசக்கியிருப்பேன், டாக்டர். என் மேலதான் தப்பு."

கை தெரியாமல் கண்ணுக்குப் போய்விடக் கூடாதென்று இரண்டு கையிலும் காலுறையை மாட்டிக்கொண்டு தூங்கியவள் அக்கா. பக்கத்தில் படுத்திருந்து பார்த்தவள் தங்கை.

"அந்த டீச்சருக்கு ஆபரேஷன் பண்ணினது நீங்கதானா?"

"என் கையாலதான். தையல் பிரிச்சதும் நானேதான்."

"இப்போ நேர்ல பாத்தா அடையாளம் தெரியுமா?"

"ஏன் தெரியாம?" டாக்டருக்கு முதல் முறையாக எரிச்சல் வந்தது. "அந்த முகம் மறக்குமா? பாத்த உடனே சொல்லிடுவேன்."

அவள் எழுந்து மேசையைச் சுற்றிப் போனாள். படத்தை ஒட்டி நின்று, தன் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். கண்களை மூடிக்கொண்டாள்.

"அக்கா, இவருக்குத் தெரியாது. நீ பாரு. இமையையே பாக்காதே, புருவத்தைப் பாரு."

இத்தனை மாதமும் அக்காவின் பார்வை அந்த இமையை விட்டு நகர்ந்ததே இல்லை. இன்றுதான் கொஞ்சம் மேலே ஏறியது. புருவத்தின் நடுவே முடி முளைக்காத சின்னக் கீற்று. படத்திலும் இருந்தது, பக்கத்தில் நின்ற முகத்திலும் இருந்தது.

"இது நான் உங்களுக்கு அனுப்பின ஃபோட்டோ," என்றாள் அக்கா மெதுவாக. "மடிப்பு இந்த மாதிரி வேணும்னு காட்டுறதுக்கு. பஸ்ல இவ தூங்கினப்போ எடுத்தது. இவ கண்ணுல கத்தியே பட்டதில்லையே, டாக்டர்."

டாக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார். அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். கூடத்தில் படத்துக்குக் கீழே காத்திருந்த பெண்களை நோக்கி நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"சொன்னபடி கேக்கிற பொண்ணுன்னு இதுவரைக்கும் என்னை யாருமே சொன்னதில்லை, டாக்டர்."