கிரகண மூளி

“ஏய் பொன்னி, அந்த அருவாமனைய ஓரமா வை! கிரகணம் புடிக்கிற நேரத்துல கத்திரிக்கா அரிஞ்சிகினு குந்திக்கீறியா?”

ராஜேந்திரன் போட்ட சத்தத்தில் பொன்னி கையிலிருந்த காயை அப்படியே முறத்தில் போட்டாள். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை.

“இன்னும் புடிக்கவே இல்ல மாமா. அதுக்குள்ள இன்னா பேஜாரு?”

“இப்பப் புடிச்சிடும். சிலோன்ல முழுசாவே மறைக்குதாம், பேப்பர்ல போட்டுக்கீறான். நீ உள்ள போ. எதையும் வெட்டாத, கிள்ளாத, நகத்தக் கடிக்காத.”

“மூச்சு வுடலாமா?”

அவன் சிரிக்கவில்லை. செங்கல்பட்டு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எடை போடுகிறவன், இந்த ஒரு காலைக்காக லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஜன்னலுக்குக் கோணி கட்டி, ஓட்டு இடுக்குகளில் பழந்துணி அடைத்து, ஒரு பொட்டு வெயில் விழாதபடி அறையை இருட்டாக்கி வைத்திருந்தான். பொன்னியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான்.

“புழுக்கத்துல மயக்கம் போட்டுறப் போறாடா. ஒரு கதவாச்சும் தொறந்து வை” என்றாள் அவன் அம்மா செங்கம்மாள்.

“நீ பேசாத. வேற எதுல வேணா பேசு, இதுல மட்டும் பேசாத.”

செங்கம்மாள் காய் முறத்தை எடுத்து ஓரமாக வைத்தாள்.

ராஜேந்திரனுக்குப் பிறவியிலேயே மேலுதடு பிளந்திருந்தது. மீசை வளர்த்துப் பாதியை மறைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ‘கிரகண மூளி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிள்ளைக்கு ஏன் இப்படி என்று யார் கேட்டாலும் செங்கம்மாள் மழுப்பியதே கிடையாது. “கிரகணத்தன்னிக்கி வெளிய போய்ட்டேன், அதான்” என்பாள். கேட்டவர்கள் ‘உச்’ கொட்டுவார்கள், சிலர் முகத்துக்கு நேரே திட்டவும் செய்வார்கள். தலைகுனிந்து வாங்கிக்கொள்வாள்.

உறிஞ்சத் தெரியாத குழந்தைக்குத் துணியைத் திரியாக முறுக்கி, சொட்டுச் சொட்டாக ஆட்டுப்பால் விட்டு வளர்த்தவள் அவள். அது அவனுக்குத் தெரியும். அவளுக்குச் சோறு போடாமல் அவன் சாப்பிட்டதில்லை. ஆனாலும் சலூன் கண்ணாடி முன்னால் உட்காரும்போதெல்லாம் ஒரு கேள்வி தொண்டையில் வந்து நிற்கும். அன்றைக்கு ஏன் போனாள்?

“பொன்னி, நாஸ்தா ஆச்சா?” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெய்புன்னிசாவின் குரல் கேட்டது.

“கிரகணம் வுடுற வரிக்கும் பச்சத் தண்ணி கூட கெடையாதாம் அக்கா!” இருட்டறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

“இங்க மட்டும் இன்னாவாம்? எங்க வூட்டுக்காரரு தொழுவப் போய்க்கீறாரு. என்னைய எட்டிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, அவரு அண்ணாந்து பாத்துகினே போறாரு!”

வெயில் வெளிற ஆரம்பித்தது. காலை நேரமே சாயங்காலம்போல ஆகி, காகங்கள் மரத்துக்குத் திரும்பின. ராஜேந்திரன் தெருப்பக்கம் மஞ்சள் தண்ணீர்த் தட்டை வைத்து அதில் சூரியனைப் பார்த்தான். ஒரு பக்கம் கடித்துத் தின்ற தோசைபோல மிதந்தது.

“மாமா! கொல்லப்பக்கம் போவணும்.”

“அடக்கிக்க!”

“உன் புள்ள அந்த எடத்தப் பாத்தே ஒதைக்கிறான். எத்தினி நேரம் அடக்கறது?”

“இன்னும் கொஞ்ச நேரந்தான்.”

பின்கதவு கிறீச்சிட்டது.

ஓடினான். பூவரச மரத்தடியில் பொன்னி நின்றுகொண்டிருந்தாள். இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சமெல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகளாக அவள் கைமேலும் வயிற்றின் மேலும் ஆடிக்கொண்டிருந்தன.

“இங்க பாரு மாமா, எத்தினி பிறை! புள்ள மேல பூ போட்டாப்பல கீது!”

“அடிப் பாவி! கெடுத்துட்டியே!”

அந்த அலறலில் பொன்னியின் சிரிப்பு அறுந்தது. அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தான். பொன்னி அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு, மாமியார் மடியில் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

“எம்புள்ளைக்கும் அப்பிடி ஆயிடுமா அத்த?”

செங்கம்மாள் அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். “ஒண்ணும் ஆவாது கண்ணு. நான் சொல்றேன்ல.”

“நீ சொல்றியா?” பொன்னி திருப்பிக்கொண்ட அந்தப் பார்வை ராஜேந்திரனைச் சுட்டுவிட்டது. அத்தனை வருஷமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. “என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா. அன்னிக்கி மட்டும் நீ வூட்டுக்குள்ளயே குந்தியிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்குமா?”

செங்கம்மாள் மகனைப் பார்த்தாள். மடியில் நடுங்கிக்கொண்டிருந்த பொன்னியைப் பார்த்தாள். சொல்லத்தான் வேண்டுமா என்று யோசிப்பதுபோல இருந்தது.

“அன்னிக்கி நான் வெளிய போனது நெசந்தான் ராஜேந்திரா. அப்ப மாமல்லபுரத்துலதான இருந்தேன், கடலோரம் சவுக்குத் தோப்பு. காவக்காரன்கூட கிரகணத்துக்குப் பயந்துகினு வூட்டுக்குள்ள இருப்பான், நாலு கூடை சருகு அள்ளிக்கலாம்னு போனேன்.”

“சருகுக்காகவா? வயித்துல புள்ளைய வச்சிகினா?”

“என் வயித்துல எந்தப் புள்ளையும் இல்லடா” என்றாள் செங்கம்மாள். “ஊரே கதவச் சாத்திகினு இருந்த அந்த நேரத்துல நானும் போவாம இருந்திருந்தா, கிழிஞ்ச உதட்டோட மணல்ல அழுதுகினு கெடந்த உன்னை வேற யாரு ராசா வந்து தூக்கியிருப்பா?”