போல்ட் தட்டு

"தட்டுல போடாதீங்கன்னு நேத்தே சொன்னேனா இல்லையா?"

ஸ்வப்னா போட்ட அதட்டலில் ஜெயகுமாரின் கை அப்படியே நின்றது. கழற்றிய போல்ட்டுகளை மண்ணெண்ணெய்த் தட்டில் போடப் போனவர் அசடு வழிந்தார்.

"பழக்கதோஷம், ஆசானே."

"ஐடிஐ பழக்கம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கழுவுறது. எனக்கும் இருந்துச்சு, இங்கத்த பழைய ஆசான்மார் திட்டித்தான் மாத்தினாங்க. கிளட்ச் கவர்ல எல்லா போல்ட்டும் ஒரே நீளம் இல்ல, கேட்டோ. நீளமானதைக் குட்டைக் குழியில முறுக்கினா என்ஜின் கேஸே விரிசல் விட்டுப் பொட்டிப்போகும். அட்டையில கவர் படம் வரைஞ்சு, எது எங்க இருந்துச்சோ அங்கயே குத்தி வைங்க."

கிள்ளிப்பாலத்தில் பைக் ஒர்க்‌ஷாப் நடத்தும் ஸ்வப்னாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஜெயகுமாருக்கோ தலை பாதி நரைத்துவிட்டது. ஓண விடுமுறை தொடங்கியதிலிருந்து தினமும் அவளிடம் வேலை கற்க வருகிறார்.

சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஆறுமுகநயினார் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தார். பைக் அவருடையது.

"ஏம்மா, இவரு கத்துக்கிட என் வண்டிதான் கெடச்சுதா?"

"நான் பக்கத்துலதானே நிக்கேன், அண்ணாச்சி. திங்கக்கிழமை இவரு வேலைக்குப் போகணும். இன்னைக்குத் தனியா மூடி, ஆயில் கசியாம இருந்தாத்தான் சரின்னு சொல்லுவேன்."

"இந்த வயசுல புது வேலையா?"

"பழைய வேலைதான்," என்றார் ஜெயகுமார், அட்டையில் கோடு இழுத்தபடி. "இனியாவது அதை ஒழுங்காச் செய்யணும். இன்னைக்குத் தப்பாப் போச்சுன்னா, அங்க போய் நிக்க எனக்கு மனசு வராது."

கிளட்ச் பிளேட் மாற்றியாயிற்று. மூடியைப் பொருத்திவிட்டு ஜெயகுமார் ஸ்பேனரை எடுத்தார்.

"ஸ்பேனரைக் கீழ வைங்க. முதல்ல விரலால திருகணும். விரலுக்கு ஏறலைன்னா எங்கயோ தப்புன்னு அர்த்தம்."

மறுபடியும் திட்டு. ஆனால் திட்டு வாங்குகிற முகமா அது? பரிசு வாங்குகிறவர் போலல்லவா பூரித்துப் போயிருந்தது. சொரணை கெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டார் ஆறுமுகநயினார்.

கடைசி போல்ட்டையும் விரலால் ஏற்றி, அப்புறமே ஸ்பேனரால் இறுக்கி, எண்ணெய் ஊற்றினார் ஜெயகுமார். ஆறுமுகநயினார் வண்டியை எடுத்துக்கொண்டு கரமனை வரைக்கும் போய் வந்தார். அதுவரை ஜெயகுமார் வாசலைவிட்டு நகரவில்லை.

வண்டி வந்து நின்றது. ஸ்வப்னா குனிந்து, மூடியின் அடியில் விரலை ஓட்டி எடுத்துக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

"சரியா இருக்கு," என்றாள். ஜெயகுமாருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"நல்லா செஞ்சிட்டீரு வே, இல்லைங்கல," என்றார் ஆறுமுகநயினார். "ஆனா உமக்கு அந்தத் தட்டுப் பழக்கத்தைப் படிச்சுக் குடுத்த ஐடிஐ வாத்தியான் எவன்னு தெரியணும். என் கையில கெடச்சான்னா நாலு கேள்வி கேப்பேன்."

ஸ்வப்னா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேளுங்க அண்ணாச்சி, அந்த வாத்தியார் நான்தான்," என்றார் ஜெயகுமார், கையைத் துடைத்துக்கொண்டு. "லீவு முடிஞ்சு திங்கக்கிழமை கிளாஸ் எடுக்கணும். 'இது என்கிட்டப் படிச்ச ஸ்வப்னா எனக்குப் படிப்பிச்ச முறை'ன்னு சொல்லித்தான் பிள்ளைங்களுக்கு ஆரம்பிக்கப் போறேன்."