கிட்டு என்ன சாப்பிடும்?

"நாய் ஓடிப்போச்சுன்னு சொல்லாதீங்க சார். வீட்டை விட்டு வெளியேறிடுச்சுன்னு சொல்லுங்க. ஓடிப்போறதுக்கு அது என்ன திருடனா?"

நாய்கள் காப்பகத்தின் பொறுப்பாளர் மானஸா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் செலுவநாராயணனும் அவர் மனைவி ஜயம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். இருந்த இரண்டு நாற்காலிகளிலும் பூனைகள் தூங்கின. எழுப்பக் கூடாதாம்.

"தசரா யானைகளைப் பழக்கறதுக்குப் பீரங்கி வெடிச்சாளேம்மா, அந்தச் சத்தத்துல மிரண்டுடுத்து" என்றார் செலுவநாராயணன்.

"யானையும் அதே சத்தத்தைத்தான் கேட்டுச்சு. யானை ஓடிச்சா?"

"யானையைச் சங்கிலியால கட்டியிருந்தா."

"அப்ப நாயை நீங்க ஏன் கட்டலை?"

அவர் அவள் தலைக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார். ‘நாயைக் கட்டிப்போடுபவன் மனிதனே அல்ல’ என்று கன்னடத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

மானஸா திரும்பிப் பார்த்தாள். "அது பொதுவா சொன்னது."

கம்பி வலைக்குப் பின்னால் பழுப்பு நிற நாய் ஒன்று எகிறி எகிறிக் குதித்தது.

"பாரும்மா, எங்க கிட்டு! எங்களைப் பார்த்ததும் எப்படி வாலை ஆட்டறது!" என்றாள் ஜயம்மா.

"அது பால்காரருக்கும் ஆட்டுது. நேத்து கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கும் ஆட்டுச்சு."

"போன்ல போட்டோ இருக்கு."

"மைசூர்ல பாதி நாய்க்கு இதே மூஞ்சிதான். நோடி, இங்க பாருங்க சார், சாயந்திரம் ஒரு குடும்பம் இதைத் தத்தெடுக்க வர்றாங்க. அவங்க வீட்ல நாய்க்குத் தனி ரூம், தனி ஃபேன். அதுக்குள்ள உங்க நாய்னு நிரூபிச்சா கூட்டிட்டுப் போகலாம். வீட்ல அது சாப்பிடறதைக் கொண்டுவரச் சொன்னேனே?"

ஜயம்மா பையிலிருந்து தூக்கை எடுத்துத் திறந்தாள். தயிர் சாதம்.

"எங்காத்துல பூண்டுகூட நுழையாது. குட்டியிலேர்ந்து இதான் அதுக்கு."

"சாப்பிட்டா உங்க நாய். சாப்பிடலைன்னா இல்லை. இதான் இங்க ரூல்."

காப்பக ஊழியர் மல்லப்பன் கதவைத் திறந்தார். நாய் பாய்ந்து வந்து இருவரையும் நக்கியது. பிறகு தயிர் சாதத்தை மோந்து பார்த்தது. சம்பந்தி வீட்டார் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கெட்டித் தயிர்டா கிட்டு. ஒரே ஒரு வாய்."

கிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. சாப்பிடவில்லை.

"ஆயித்து, முடிஞ்சுது" என்றாள் மானஸா. "இது உங்க நாய் இல்லை. மல்லப்பா, உள்ளே விடுங்க."

ஜயம்மா நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மல்லப்பன் யாரைப் பிடித்து இழுப்பது என்று தெரியாமல் நின்றார்.

செலுவநாராயணன் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, இவளைக் கொஞ்சம் வெளியில அனுப்பிட்டு ஒண்ணு சொல்லலாமா?"

"எங்க காப்பகத்துல ரகசியமே கிடையாது சார்."

அவர் தரையைப் பார்த்தார்.

"அது கபாப் சாப்பிடும்."

"என்னது?"

"சிக்கன் கபாப். சாயந்திரம் வாக்கிங் போறச்சே... தெருக்கோடித் தள்ளுவண்டியில வாங்கித் தருவேன்."

நெற்றியில் இருந்த திருமண் வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியது. ஜயம்மா தலையை நிமிர்த்தவே இல்லை.

"மசாலா நாய்க்கு ஆகாதுன்னு தெரியுமா, தெரியாதா?" மானஸா சீறினாள்.

"தண்ணியில அலசிட்டுத்தான் கொடுப்பேன்."

மல்லப்பன் ஓடிப்போய் எதிர் ஓட்டலிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். செலுவநாராயணன் பழகிய கையால் ஒரு துண்டை அலசிக் கீழே வைத்தார். அது எப்போது மறைந்தது என்றே தெரியவில்லை.

இரண்டாவது துண்டைக் கிட்டு விழுங்கவில்லை. பதமாகக் கவ்விக்கொண்டு வந்து அவர் பாதத்தின் மேல் வைத்தது. பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, வாலை ஆட்டியபடி அவர் வாயையே பார்த்தது.

"இதை ஏன் சாப்பிடாம உங்ககிட்ட கொண்டுவந்து வைக்குது?" என்று கேட்டாள் மானஸா.

அவர் அண்ணாந்து ஓட்டுக்கூரையைப் பார்த்தார்.

மல்லப்பன் குனிந்து பார்த்தார். அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "பங்கு கொடுக்குதுங்க மேடம். ஒண்ணு அதுக்கு, ஒண்ணு ஐயாவுக்கு. தினமும் அப்படித்தான் போலிருக்குதுங்க."

மானஸா கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள்.

"உங்க நாய்தான். கூட்டிட்டுப் போங்க சார்."

ஆட்டோவில் இருவருக்கும் நடுவே கிட்டு படுத்துக்கொண்டது. பாதி வழி வந்தார்கள்.

"ஜயா" என்றார் அவர் கடைசியில். "கிட்டு அந்தத் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுத் தொலைச்சிருந்தா..."

"சாப்பிடாதுன்னு எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சுமா கொண்டுவந்தே?"

"பின்னே? கபாபை என் கையால கொண்டுவந்தா, அந்தப் பொண்ணு முன்னாடி உங்க மூஞ்சி என்ன ஆயிருக்கும்? நாயா, உங்க மானமான்னு யோசிச்சேன். அழுதுண்டேதான் பிசைஞ்சேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"திடீர்னு ஒரு நாள் கபாப்ல உப்பு குறைஞ்சுதே, ஞாபகம் இருக்கா? அதுக்கு முதல் நாள்தான் கடைக்காரன்கிட்ட போய், எங்காத்து மாமாவுக்குப் பிரஷர், உப்பைப் பார்த்துப் போடுப்பான்னு சொல்லிட்டு வந்தேன்."